கேன்சல் அமுக்கினால் 1900!

கேள்வி: தாராவியில் ஒரு தோல் பை பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். சரக்கு அனுப்பிய தேதியைக் கேட்டு எக்செலில் பதிய ஒரு மேக்ரோ (சிறு நிரல்) வைத்திருக்கிறோம். முதலாளி கேன்சல் அமுக்கினால் 'ரன்-டைம் எரர் 13, டைப் மிஸ்மேட்ச்' என்று நின்றுவிடும். தேதி கேட்கும் கட்டளையான இன்புட்பாக்ஸுக்கு முன்னால் 'அப்ளிகேஷன்' சேர்த்தேன். எரர் போய்விட்டது, ஆனால் சில வரிகளில் 00-01-1900 என்று தேதி விழுகிறது. என்ன செய்ய, சார்?
- வாசகி, செம்பூர்

பதில்: எரர் எங்கும் போகவில்லை அம்மா, ஒளிந்துகொண்டது. சாதாரண இன்புட்பாக்ஸில் கேன்சல் அமுக்கினால் வெற்று ஸ்ட்ரிங்தான் (எழுத்தே இல்லாத உரை) வரும். தேதி வைக்கும் டேட் வகை மாறிக்குள் (வேரியபிள்) அது நுழையாது, அதனால்தான் 13. 'அப்ளிகேஷன்' சேர்த்தால் கேன்சலுக்கு 'ஃபால்ஸ்' (பொய் என்ற மதிப்பு) வருகிறது. டேட் மாறி அதைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக விழுங்கிவிடும். அந்தப் பூஜ்யத்தைத்தான் உங்கள் தாள் 1900 என்று காட்டுகிறது. என்னைக் கேட்டால், கூச்சல் போட்டு நிற்கிற மேக்ரோவே மேல்.

பழைய இன்புட்பாக்ஸுக்கே திரும்புங்கள். பதிலை ஸ்ட்ரிங் மாறியில் வாங்கி, வெற்றாக இருந்தால் 'எக்ஸிட் சப்' போட்டு மேக்ரோவை அங்கேயே முடித்துவிடுங்கள். கேன்சல் அமுக்குவது முதலாளியின் உரிமை, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அப்புறம் அடித்தது தேதிதானா என்று 'இஸ்டேட்' வைத்துச் சோதியுங்கள். தேறினால் 'சிடேட்' மூலம் தேதியாக மாற்றுங்கள். தேறாவிட்டால் ஒரு லூப் போட்டு மறுபடி கேளுங்கள்.

ஆனால் இஸ்டேட்டை முழுசாக நம்பிவிடாதீர்கள். லாமிங்டன் ரோட்டில் வாங்கிய பழைய கணினி என்றால் விண்டோஸின் ரீஜன் (எந்த நாடு என்ற அமைப்பு) அமெரிக்காவாகவே இருக்கலாம். அப்போது மாதம்தான் முதலில், 05/04/2025 என்று அடித்தால் மே 4 ஆகிவிடும். 25/04/2025 அடித்தால்? 25-ஆம் மாதம் கிடையாதே, அதனால் தானாகவே ஏப்ரல் 25 என்று எடுத்துக்கொள்ளும். பாதி வரி சரி, பாதி தப்பு. எரர் ஒன்றும் வராது. எனவே ரீஜனை இந்தியாவுக்கு மாற்றுங்கள். பதிவதற்கு முன் ஒரு மெசேஜ்பாக்ஸில் மாதப் பெயரோடு தேதியைக் காட்டி 'சரியா?' என்று கேட்க வையுங்கள். 'நோ' என்றால் மறுபடி முதலிலிருந்து.

இதுவரை பதிந்த தாளில் 1900 வரிகளை ஃபில்டர் போட்டாலே பிடித்துவிடலாம். ரீஜன் அமெரிக்காவாக இருந்திருந்தால், நாள் 1 முதல் 12 வரை உள்ள வரிகளை மட்டும் டெலிவரி சலானோடு வைத்துப் பாருங்கள். 13-உம் அதற்கு மேலும் உள்ளவை மாறியிருக்காது.