பரங்கிக்காயைச் செதுக்க அவசரம் வேண்டாம்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு ஹாலோவீனுக்காக (அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் நாள்) அக்டோபர் முதல் வாரத்திலேயே பரங்கிக்காய் வாங்கி, முகம் செதுக்கி வாசலில் வைத்தோம். சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து முகம் குழிந்துவிட்டது. மிஞ்சியதை அணில்கள் தின்றன. கத்தியைத் தொடக் கூடாது என்றதால் நான்கு வயது மகள் ஓயாமல் அழுதாள். ஒன்பது வயது மகனோ இந்த ஆண்டும் செதுக்கியே ஆக வேண்டும் என்கிறான். இருவரையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது?
— வாசகி ஒருவர்

பதில்: நீங்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். பரங்கிக்காய்க்கு அதன் தடித்த தோலே காப்பு. வெட்டுப்படாத காய் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் ஒரு மாதத்துக்கு மேலும் கெடாமல் இருக்கும், செதுக்கிய காயோ பெரும்பாலும் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஆகவே செதுக்குவதற்கென்று ஒரே ஒரு காயை ஒதுக்கி, அக்டோபர் 29 அல்லது 30 வரை அதில் கத்தி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை வெட்டாமலே அலங்கரிக்கலாம். அந்த வேலை முழுவதும் உங்கள் மகளுடையது.

காயை ஈரத்துணியால் துடைத்து உலர்த்திய பின் அக்ரிலிக் வண்ணம் கொடுங்கள். நீர்வண்ணம் அந்த வழவழப்பான தோலில் நிற்காமல் வழிந்துவிடும். நட்சத்திர ஸ்டிக்கர்களைத் தன் விருப்பப்படி மகள் ஒட்டட்டும், அவற்றின் மேலேயே காய் முழுவதும் கறுப்பு பூசட்டும். வண்ணம் முழுதாகக் காய்வதற்குச் சற்று முன் ஸ்டிக்கர்களை உரித்தால், கறுப்பின் நடுவே ஆரஞ்சு நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். உங்களுக்கும் கை துறுதுறுத்தால், இன்னொரு காயில் வெள்ளை பெயிண்ட் மார்க்கரால் கோலம் போடுங்கள். காம்பிலிருந்து இறங்கும் பள்ளங்கள் காயைத் தாமே பங்கிட்டுத் தருவதால் இதழ் இதழாக இழுப்பது எளிது.

ஒரு காய்க்கு மட்டும் நீலப்பச்சை பூசச் சொல்வேன். அமெரிக்காவின் ஃபேர் என்னும் உணவு ஒவ்வாமை அமைப்பு 2014இல் நாடு முழுவதற்கும் கொண்டுசென்ற அடையாளம் அது: வாசலில் நீலப்பச்சைப் பரங்கிக்காய் இருந்தால், அங்கே மிட்டாயோடு தின்பண்டம் அல்லாத பரிசும் கிடைக்கும் என்று பொருள். பென்சில், ஸ்டிக்கர், சிறு பந்து ஆகியவற்றைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தையும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

இனி உங்கள் மகன். காம்பைச் சுற்றி மூடி வெட்டுவதுதான் வழக்கம் என்றாலும், அடியில் வட்டமாக வெட்டுவதையே நான் விரும்புவேன். விளக்கை வைத்து அதன் மேல் காயை அப்படியே இறக்கிவிடலாம். முகம் வர வேண்டிய பக்கத்தின் சதையைப் பெரிய கரண்டியால் ஏறத்தாழ ஓர் அங்குலக் கனத்துக்குச் சுரண்டுங்கள். வழுவழுவென்ற நாரையும் விதையையும் அள்ளுவதற்குத் தங்கையும் ஓடி வருவாள். பிறகு தாளில் முகத்தை வரைந்து காயில் ஒட்டி, கோட்டின் மேல் குண்டூசியால் நெருக்கமாகக் குத்தி, தாளை எடுத்துவிட்டுப் புள்ளிகளை இணைத்து அறுக்க வேண்டும். அறுப்பதற்குச் சமையலறைக் கத்தி கூடாது. அது சதையில் சிக்கிக்கொள்ளும், பலம் கொடுத்து இழுக்கும்போது சட்டென்று வழுக்கிக் கையில் பட்டுவிடும். பரங்கிக்காய் செதுக்குவதற்கென்றே விற்கும் சிறு ரம்பத்தைப் பயன்படுத்துங்கள். அதையும் பெரியவர் ஒருவர் பிடித்து அறுப்பதே நல்லது. அவன் கைப்படச் செய்ய வேண்டுமென்றால், பிஸ்கட் வெட்டும் உலோக அச்சைக் காயில் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்கச் சொல்லுங்கள். அயர்லாந்தில் டர்னிப்பைக் குடைந்து முகம் செய்தவர்களின் வழக்கம்தான் அமெரிக்காவில் பரங்கிக்காய்க்கு மாறியது. அந்தக் கெட்டிக் கிழங்கோடு ஒப்பிட்டால் உங்கள் மகனின் பாடு எவ்வளவோ தேவலாம்.

வெட்டிய ஓரங்களில் வாஸ்லைன் தடவினால் வாடுவது சற்றுத் தள்ளிப்போகும். மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கை வையுங்கள்; வாசலுக்கு வரும் பிள்ளைகள் நீண்ட அங்கிகளோடு வருவார்கள். அணில்களுக்கு அஞ்சினால், இரவில் காயை உள்ளே எடுத்து வைப்பதைத் தவிர உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை.

விதைகளை எறியாதீர்கள். கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிசறி, 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் 15 முதல் 20 நிமிடம் வறுத்தால் மாலை டீக்கு ஆகும். செதுக்கும் காயின் சதை மட்டும் நீர்த்து, நார் நாராக இருக்கும். சாம்பாருக்கு ‘பை பம்ப்கின்’ என்று விற்கும் சிறிய காயைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.