தனிப்பாட்டு பாடுகிறது, பிளேலிஸ்ட் மட்டும் ஊமை

வணக்கம் குன்னூர் நண்பரே. பாட்டுகளை விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து, லினக்ஸில் ஓடும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினிக்கு மாற்றியபின், பாட்டைத் தனியாகத் தட்டினால் பாடுகிறது, பிளேலிஸ்ட்டில் தட்டினால் பாடவில்லை என்கிறீர்கள். சரி, அப்படியென்றால் வைஃபையைத் திட்ட வேண்டாம்.

பிளேலிஸ்ட்டைச் சேமித்து வைக்கும் எம்3யூ கோப்பில் பாட்டே கிடையாது, பாட்டு இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான். நோட்பேடில் திறந்து பாருங்கள். வரிகள் இன்னும் 'டி' டிரைவிலிருந்து தொடங்கினால், லினக்ஸுக்கு அப்படியொரு டிரைவே தெரியாது. அதை நீக்கிவிட்டு, பிளேலிஸ்ட் இருக்கும் ஃபோல்டரிலிருந்து வழியை எழுதுங்கள். பின்சாய்வுக் கோடுகளை முன்சாய்வாக மாற்றுங்கள். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு.

தமிழில் பெயர் வைத்த பாட்டுகள் மட்டும் அடம்பிடித்தால், பிளேலிஸ்ட் கோப்பை, தமிழ் எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்து, எம்3யூ8 என்று பின்னொட்டு கொடுங்கள். கோத்தகிரியில் இதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் நான்.

அப்புறம், மழைநாளில் நம் மலையில் கரண்ட் போய்ப் போய் வரும். பை மறுபடி எழும்போது பாட்டுகள் உள்ள யூஎஸ்பி டிஸ்க் வேறு ஃபோல்டர் முகவரியில் இணைந்தால் (மவுண்ட் ஆனால்) எல்லாமே நின்றுவிடும். எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில், டிஸ்க்கின் தனி அடையாள எண்ணான யூயூஐடியைப் போட்டுவிடுங்கள். மாற்றியதும் ஒருமுறை லைப்ரரியை ஸ்கேன் செய்யுங்கள்.