நகர் நலச் சங்கம்: வாய்க்கால் முதல் சந்தா நோட்டு வரை – கேள்வி பதில்

நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தஞ்சாவூர் பக்கம் எங்கள் நகர் நலச் சங்கத்துக்குப் பதினோரு வருடம் செயலாளர். கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி (பாபநாசம் பக்கம்): ஐயா, ஐப்பசி பிறந்தால் எங்கள் நகரில் முழங்கால் அளவு தண்ணீர். நான்கு வருடமாக மனு கொடுக்கிறோம். மோட்டார் கொண்டுவந்து இறைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வேறு வழியே இல்லையா?

பதில்: அம்மா, மனுவில் ‘மழைநீர் தேங்குகிறது, நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால் மோட்டார்தான் வரும். ‘இந்த சர்வே எண்ணில் உள்ள வடிகால் இந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது’ என்று எழுதினால்தான் வாய்க்காலைப் பார்க்க ஆள் வரும்.

உங்கள் மனை ஒரு காலத்தில் நன்செய். ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் வர ஒரு வழி, வடிய ஒரு வழி உண்டு. பாசன வாய்க்கால் மேட்டில் வரும், வடிகால் பள்ளத்தில் போகும். மனை போடுகிறவர்கள் முதலில் மண்ணடித்து மூடுவது அந்தப் பள்ளத்தைத்தான். மழைத் தண்ணீர் பழைய வழியைத் தேடி வந்து உங்கள் வாசலில் நிற்கிறது.

செய்ய வேண்டியது இது. தாய்ப்பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும். அதை வைத்து, வருவாய்த் துறையின் இ-சேவை இணையதளத்தில் அ-பதிவேட்டையும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு) புல வரைபடத்தையும் (அந்த எண்ணின் அளவு வரைபடம்) எடுங்கள். பக்கத்துப் புல எண்களுக்கும் சேர்த்து எடுங்கள். அ-பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு, அதாவது வாய்க்காலுக்கான அரசு நிலம், என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள்.

எங்கள் நகரில் அப்படி நடந்தபோது, வரைபடத்தில் மூன்று மீட்டர் அகலம் இருந்த வடிகால், ஒரு வீட்டு வாசல் சிலாப்புக்குக் கீழே ஒன்பது அங்குலக் குழாயாகச் சுருங்கியிருந்தது. கடப்பாரையை விட்டு இழுத்தோம். ஒரு பழைய தலையணை, தெர்மாகோல், தேங்காய் மட்டை, எப்போதோ நடந்த விசேஷத்தின் பிளாஸ்டிக் டம்ளர்கள் எல்லாம் கறுப்புச் சேறோடு வந்தன. அரை மணி நேரத்தில் இரண்டு தெருத் தண்ணீர் இறங்கியது. அந்த வீட்டுக்காரர் எங்கள் சங்க உறுப்பினர். அவரோடு சண்டை போடவில்லை. சிலாப்பை எடுத்துவிட்டுப் பெரிய குழாய் பதிக்கச் சங்கமே பாதிச் செலவை ஏற்றது.

மனு கொடுக்கும் காலமும் முக்கியம். மழையில் நின்றுகொண்டு கொடுக்காதீர்கள். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவதும் ஜூன் 12-இல் திறப்பதும் வழக்கம். இடைப்பட்ட மாதங்களில்தான் வாய்க்கால் காய்ந்திருக்கும், தூர்வாரும் வேலைக்கு மதிப்பீடும் போடுவார்கள். தையில் மனு கொடுத்தால் அந்தப் பட்டியலில் உங்கள் வடிகாலும் ஏற வழி உண்டு. ஐப்பசியில் கொடுத்தால் அடுத்த வருடம்தான்.

இன்னொன்று: தனியாகப் போகாதீர்கள். உங்கள் நகருக்குக் கீழே வயல் வைத்திருப்பவர்களுக்கும் இதே வாய்க்கால்தான். மேலே அடைத்தால் அவர்கள் சம்பாவுக்குத் தண்ணீர் போகாது, மழையில் வழிதவறி வரும் தண்ணீரில் பயிரும் அழுகும். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு நீர்வளத் துறைப் பொறியாளரும் வருவார். அங்கே விவசாயிகளோடு சேர்ந்து நின்று பேசுங்கள். நகர்க்காரர்களையும் விவசாயிகளையும் எதிரெதிராக நிறுத்துவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மனம் பொறுக்கவில்லை.

கேள்வி (திருவாரூர்): சிலர் செப்டிக் டேங்க் தண்ணீரை வாய்க்காலில் விடுகிறார்கள். சங்கத்தில் கேட்டால் பகை வருகிறது.

பதில்: பகை வந்தாலும் கேட்டே ஆக வேண்டும் தம்பி. நம் ஊர்களில் நிலத்தடி நீர் மழைக்காலத்தில் கைக்கெட்டும் ஆழத்துக்கு வந்துவிடும். வாய்க்காலில் விட்டது அடுத்த வீட்டு அடிபம்பில் வரும். பெயர் சொல்லாமல் பொதுத் தீர்மானமாகப் போட்டு, மூன்று மாத அவகாசம் கொடுங்கள். அதன் பிறகும் விட்டால் சங்கமே உள்ளாட்சிக்கு எழுத்தில் புகார் கொடுக்கட்டும். நம் வீட்டுக் கழிவு அதில் ஓடும்வரை, ஆக்கிரமிப்பைப் பற்றி அதிகாரியிடம் பேச நமக்கு வாய் வராது.

கேள்வி (மன்னார்குடி): அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தை, மனை போட்டவரின் வாரிசுகள் விற்கப் பார்க்கிறார்கள். ஒரு பிள்ளையார் கோயில் கட்டிவிட்டால் இடம் தப்பிக்குமா சார்?

பதில்: வேண்டாம் சார். நீங்கள் கட்டினாலும் அது ஆக்கிரமிப்புதான்.

3000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறவிடமாக, அதாவது பூங்கா போன்ற பொதுக் காலியிடமாக, விட வேண்டும் என்பது விதி. அதைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்திருக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மேல் பதிந்த பத்திரங்களின் பட்டியல்) போடுங்கள். தானப் பத்திரம் அதில் தெரிந்தால் வாரிசுகளுக்கு விற்க ஒன்றுமில்லை. நகலை இணைத்துச் சார்பதிவாளருக்கு ஆட்சேபணை மனு கொடுங்கள். உள்ளாட்சியிடம் வேலி போடச் சொல்லிக் கேளுங்கள். பத்திரம் இல்லையென்றால் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள், நாள் கடத்த வேண்டாம்.

ஆவணம் கிடைக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். சங்கத்தின் பெயரில் போடாமல் ஒரு உறுப்பினர் தன் பெயரில் போடட்டும். சட்டம் அந்த உரிமையைக் குடிமகனுக்குத்தான் தருகிறது. சங்க லெட்டர்பேடில் போட்டால் அதைக் காரணம் காட்டியே திருப்பி அனுப்பலாம்.

கேள்வி (கும்பகோணம்): புதிதாகச் சங்கம் ஆரம்பிக்கிறோம். பதிவு செய்யத்தான் வேண்டுமா?

பதில்: செய்துவிடுங்கள். 1975-ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். பதிவதைவிட அதைக் காப்பாற்றுவதில்தான் நிறையச் சங்கங்கள் தவறுகின்றன. வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தணிக்கை செய்து தாக்கல் செய்யுங்கள். நிர்வாகக் குழுவின் காலம் 3 வருடத்துக்கு மேல் கூடாது. தீர்மானப் புத்தகம் செயலாளர் வீட்டுப் பரணில் கிடக்கக் கூடாது.

கேள்வி (மயிலாடுதுறை): வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்க்கலாமா அண்ணே? சந்தாவும் யாரும் ஒழுங்காகத் தருவதில்லை.

பதில்: சேருங்கள். தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள்ளும்தான் வருகிறது. விதிமுறையில் அதற்கு இடம் வைத்துப் பதியுங்கள். சந்தாவுக்கு ஒரே மருந்து, வரவு செலவை மாதா மாதம் தெருமுனையில் ஒட்டுவது. பினாயில் வாங்கிய 80 ரூபாயையும் விடாமல் எழுதினோம். ஒரு வருடத்தில் தராதவர்கள் குறைந்தார்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): தெருநாய்களைப் பிடித்து வெளியூரில் விட்டுவிட்டு வரலாமா?

பதில்: கூடாது. 2023-ஆம் வருடத்து விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும். உள்ளாட்சிக்கு எழுதுங்கள். சோறு வைப்பவர்களோடு பேசி, பிள்ளைகள் விளையாடும் இடத்தைத் தவிர்த்து ஓர் இடம் ஒதுக்குங்கள்.

கேள்வி (மறுபடி பாபநாசம்): ஐயா, அ-பதிவேட்டைப் பார்த்தோம். வாய்க்கால் என்று எதுவுமே இல்லை, எல்லாம் பட்டா நிலம்.

பதில்: இதைத்தான் பயந்தேன் அம்மா. வயலுக்கு வயல் விட்டுக்கொள்ளும் சிறு கன்னி வாய்க்கால்கள் பட்டாவுக்குள்ளேயே ஓடியிருக்கும், பதிவேட்டில் வராது. அப்போது புறம்போக்கு என்று வாதாட முடியாது. அங்கே உழுத பெரியவர்கள் இரண்டு பேரை அழைத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிந்தது என்று காட்டச் சொல்லுங்கள். அந்தத் திசையில் பதிவேட்டில் உள்ள முதல் வாய்க்கால் எவ்வளவு தூரம் என்று அளந்து, அதுவரை சாலையோர வடிகாலும், சாலை குறுக்கிடும் இடத்தில் ஒரு சிறுபாலமும் கேளுங்கள். கிராம வரைபட நகல் ஒன்று வாங்கி, அந்தப் பெரியவர்கள் காட்டும் வழியைப் பென்சிலால் அதில் குறித்து வையுங்கள்.