ஜிமெயிலை விட்டு விலகினால் எந்த மின்னஞ்சலை நம்பலாம்?

விளம்பரத் தொல்லையால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது மட்டும்தான் காரணம் என்றால், மெயிலைப் படித்து அதற்கேற்ற விளம்பரம் காட்டுவதை ஜிமெயில் 2017இலேயே நிறுத்திவிட்டது. வேறு பயம் இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. தப்பிருந்தால் திருத்துங்கள், திட்ட வேண்டாம். ஆனால் தினமும் பத்துப் பேராவது என் கடை வாசலில் நின்று, ரோட்டுக்கே கேட்கிற மாதிரி பாஸ்வேர்டைச் சொல்வதைக் கேட்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். 2007 முதல் ஒரே இலவச மெயில். மீட்பு எண்ணாக அப்பாவின் நம்பரைக் கொடுத்திருந்தேன். 2019இல் அப்பா தவறிவிட்டார். அந்த நம்பருக்கு ரீசார்ஜ் போட யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கடைக்குள் மழைத் தண்ணீர் புகுந்து என் போன் போனது. புதுப் போனில் பாஸ்வேர்டு ஞாபகம் வரவில்லை. ஓடிபி அப்பா நம்பருக்குப் போயிருப்பதாகத் திரையில் வந்தது.

மனப்பாடமான நம்பர்தானே, அடித்தேன். ஒரு சின்னப் பையன் எடுத்தான். சேலம் பக்கமாம். விஷயத்தைச் சொல்லி ஓடிபி கேட்டேன். "அண்ணா, இதை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குண்ணா" என்று வைத்துவிட்டான். அவன் செய்ததுதான் சரி, நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன். துண்டித்த நம்பரை 90 நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்பதே அப்புறம்தான் எனக்குத் தெரியும். கடை வாடகை ஒப்பந்தம், மகளின் மார்க் ஷீட் எல்லாம் அந்த மெயிலோடு போனது.

அதற்குப் பிறகு புரோட்டான் மெயில். சுவிட்சர்லாந்துக் கம்பெனி. உள்ளே இருக்கும் மெயிலை அவர்களாலேயே படிக்க முடியாதபடி பூட்டி வைக்கிறார்கள். ஆனால் சப்ஜெக்ட் வரிக்கு அந்தப் பூட்டு கிடையாது. ஜெர்மனியின் டூட்டா என்ற மெயில் சேவை அதையும் பூட்டுகிறது, இலவசக் கணக்கை ஆறு மாதம் திறக்காவிட்டால் அழித்துவிடும். எதிலிருந்து அனுப்பினாலும், வாங்குபவர் ஜிமெயிலில் இருந்தால் சாதாரணமாக அனுப்பிய மெயில் அங்கே பூட்டில்லாமல்தான் கிடக்கும். இன்னொன்று, 2021இல் சுவிஸ் அரசின் சட்டப்படியான உத்தரவு வந்தபோது, பிரான்ஸ் போராட்டக்காரர் ஒருவரின் ஐபி முகவரியை, அதாவது எந்த இன்டர்நெட் இணைப்பிலிருந்து வந்தார் என்று காட்டும் எண்ணை, புரோட்டான் பதிவு செய்து கொடுத்தது. மெயிலின் உள்ளடக்கத்தைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. "அப்போ என்ன தனியுரிமை?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். உத்தரவு வந்தால் எந்தக் கம்பெனியும் பணிந்துதான் ஆக வேண்டும். கொடுப்பதற்கு அவர்களிடம் என்ன இருக்கிறது என்பதைத்தான் நான் பார்த்தேன்.

2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வெடிகுண்டுப் புரளி மெயில் வந்ததே, அது புரோட்டானிலிருந்து வந்தது என்று அதைத் தடை செய்யச் சொல்லிப் போலீஸ் மத்திய அரசைக் கேட்டது. அன்றைக்கு ஆதம்பாக்கத்திலிருந்து மச்சான் போன் போட்டு, "என்ன மாமா, குண்டு மெயில் கம்பெனியிலயா அக்கவுண்ட் வச்சிருக்கீங்க?" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனாலும் சுருக்கென்றது. வசதியான அடையாறுக்காரர் மெயிலைப் பூட்டினால் அது பிரைவசி. வண்ணாரப்பேட்டைக்காரர் நாங்கள் பூட்டினால் மட்டும் எதையோ மறைக்கிறோம். என் மகள் இன்டர்வியூவில் வண்ணாரப்பேட்டை என்றதும், "அந்த ஏரியாவிலிருந்தா இவ்வளவு நல்லா பேசறீங்க?" என்று கேட்டவரும் படித்தவர்தான். சரி, அதை விடுங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் ஒரு டொமைன், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரை, உங்கள் பெயரில் வாங்குங்கள். டாட் இன் என்றால் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். அதைப் புரோட்டானில் இணைக்கக் கட்டணத் திட்டம் வேண்டும். நாளைக்குக் கம்பெனியை மாற்றினாலும் உங்கள் முகவரி மாறாது. பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்புக் குறியீட்டை அச்சடித்து ரேஷன் கார்டு டப்பாவில் வைத்திருக்கிறேன். டொமைன் புதுப்பிக்கும் தேதி கடைக் காலண்டரில் சிவப்பு மையில் இருக்கிறது. அதைக் கட்டாமல் விட்டால் அதுவும் அப்பா நம்பர் மாதிரி வேறு யாருக்காவது போய்விடும்.