முடி அலங்காரத் தொழில்: கத்தரிக்கோல் முதலா, சான்றிதழ் முதலா?

கேள்வி: எனக்கு 22 வயது, கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். முடி அலங்காரம் படிக்க விருப்பம். வீட்டில் புரட்டக்கூடியது 60,000 ரூபாதான். ஒரு தனியார் நிலையம் 'சர்வதேச டிப்ளோமா'வுக்குக் கருவிப் பெட்டியும் சேர்த்து 150,000 ரூபா கேட்கிறது. இந்தக் கிழமையே பாதியைக் கட்டினால் கழிவு உண்டாம். கடன் எடுத்துச் சேரலாமா?

பதில்: கடன் எடுக்காதீர்கள். கழிவுக்காக அவசரப்பட்டு முற்பணமும் கட்டிவிடாதீர்கள். 'சர்வதேச' என்ற சொல்லை யாரும் சான்றிதழில் அச்சிட்டுக்கொள்ளலாம். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: படித்து முடித்தால் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமையின் 3 அல்லது 4 ஆம் மட்டச் சான்றிதழ் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் நிலையத்தின் பதிவு இலக்கத்தை வாங்கி, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிடம் சரிபாருங்கள். நிலையம் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் அந்தப் பாடநெறிக்கே அங்கீகாரம் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆணைக்குழு நாரஹேன்பிட்டியில், எல்விட்டிகல மாவத்தையில் உள்ள 'நிபுணதா பியச' கட்டடத்தில் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் தலைமையகமும் அதே கட்டடம்தான். ஒரே பயணத்தில் இரண்டு வேலையையும் முடித்துவிடலாம். அரச நிலையங்களில் இந்தப் பயிற்சி எங்கே, எப்போது தொடங்குகிறது என்று அங்கேயே கேளுங்கள். அப்புறம், இராஜகிரியவில் உள்ள தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை சலூனில் வேலை செய்தபடியே பழகும் பயிலுநர் முறையை நடத்துகிறது. காசு குறைவான ஒருவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஏற்கனவே சலூனில் சில வருடம் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு, வகுப்புக்கே போகாமல் திறமையைக் காட்டி என்.வி.கியூ. பெறும் வழியும் உண்டு.

எங்கே சேர்ந்தாலும் மொழியைப் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள். கொழும்பில் பல வகுப்புகள் சிங்களத்தில்தான் நடக்கின்றன. பாடம் எந்த மொழியில், மதிப்பீடு எந்த மொழியில் என்று பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். சாயம் கலக்கும் அளவை அரைகுறையாக விளங்கிக்கொண்டால், பாதிக்கப்படுவது இன்னொருவரின் தலை.

இனிக் கருவிகள். நிலையம் தரும் பெட்டியை நம்பி அதிகக் காசு கொடுக்க வேண்டாம். உங்கள் 60,000இல் யோசித்துச் செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் கத்தரிக்கோல். பழகத் தொடங்குபவருக்கு 5.5 அல்லது 6 அங்குலம் சரி. '440சி' என்ற உருக்கு வகை கூர்மையை நன்றாகத் தாங்கும். ஆனால் அந்த எழுத்தை மலிவான கத்தரியிலும் பொறித்துவிடுகிறார்கள், அதனால் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். ஈரமாக்கிய டிஷு தாளை வெட்டுங்கள். மடியாமல், இழுபடாமல் நுனிவரை வெட்ட வேண்டும். பிறகு ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதை நன்றாக விரித்து விடுங்கள். முழுதாக மூடிக்கொண்டால் திருகாணி தளர்வு. அசையாமல் நின்றால் இறுக்கம். பெருவிரல் வளையம் சற்று முன்னே தள்ளி அமைந்த கைப்பிடியும் நல்லது, நாள் முழுக்க வெட்டும்போது மணிக்கட்டு வலி குறையும். இந்தக் கத்தரியால் வீட்டில் துணியோ காகிதமோ வெட்ட யாரையும் விடாதீர்கள். தெருவில் வரும் சாணைக்காரரிடமும் கொடுக்காதீர்கள். முடிவெட்டும் கத்தரியின் வளைந்த விளிம்பு சாதாரண சாணைக் கல்லில் போய்விடும்.

அடுத்தது பயிற்சித் தலை. செயற்கை முடி உள்ளது மலிவு, ஆனால் முடியை நேராக்கும் அயனின் சூட்டில் உருகிவிடும், சாயமும் பிடிக்காது. மனித முடி உள்ள ஒன்றை வாங்கி, ஒரேயடியாகக் குட்டையாக வெட்டாமல் நீளத்திலிருந்து படிப்படியாக வெட்டிப் பழகுங்கள். சீப்பு, கிளிப், தண்ணீர் தெளிக்கும் போத்தல், போர்வைத் துணி எல்லாம் புறக்கோட்டையில் மலிவாகவே வாங்கலாம். நாற்காலி, கண்ணாடி பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: மகன் முடிவெட்டும் தொழில் பழகுகிறான். கனடாவிலிருக்கும் என் தம்பி ஹேர் ட்ரையரும், வயர் உள்ள கிளிப்பரும் அனுப்புவதாகச் சொல்கிறார். காசு மிச்சம்தானே? (வெள்ளவத்தை)

பதில்: பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. '120V' என்று மட்டும் போட்ட ட்ரையரை இங்கே சொருகினால் ஏறக்குறைய நான்கு மடங்கு மின்சாரம் இழுத்துக் கருகிவிடும், தீயும் பிடிக்கலாம். சின்ன அடப்டர் சொருகியின் வடிவத்தை மாற்றும், வோல்ட்டை மாற்றாது. ட்ரையரின் சுமையைத் தாங்கும் மின்மாற்றி பாரமானது, விலையும் கூட. அதற்குக் கொடுக்கும் காசில் இங்கேயே ஒரு ட்ரையர் வாங்கலாம்.

வயர் கிளிப்பரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதிர்வு மோட்டார் உள்ளவை கனடாவின் 60 ஹேர்ட்ஸுக்குச் சரிசெய்யப்பட்டவை. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மின்மாற்றி போட்டாலும் இது மாறாது, கிளிப்பர் வேகம் குறைந்து கடகடவென்று சத்தம் போடும். தம்பி வாங்கித்தான் தர விரும்பினால், சார்ஜரில் '100-240V' என்று போட்ட வயர் இல்லாத கிளிப்பரும் ஒரு நல்ல கத்தரிக்கோலும் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: வாங்கிய முடி அயன் இரண்டாம் நாளே சூடாகவில்லை. உத்தரவாத அட்டை இருந்தும் கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (தெமட்டகொடை)

பதில்: நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசுங்கள், எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை இரண்டின் பிரதியையும் இணையுங்கள்.