சேரிடம் கேட்கிற விஷயமா இது?

கேள்வி: மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கீமோ நடக்கிறது. தரம் 5 படிக்கும் மகளிடம் 'அம்மாவுக்கு வயிற்றில் புண்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். "புலமைப்பரிசில் முடியட்டும், மறுகா சொல்லுங்க" என்கிறார் டியூசன் சேர். அவர் சொல்வது சரிதானே?
- பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி

பதில்: டியூசன் சேரிடமா கேட்டீர்கள்? கிணறு வெட்டவும் அவரிடமே நாள் கேட்பீர்கள் போலிருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை மதிலுக்கு மதில் பிள்ளைகளின் படம், பக்கத்தில் புள்ளி. அதற்கும் பெரிதாகச் சேரின் படம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தீர்த்தமாடப் போகிற பிள்ளையையும் 'மாதிரி வினாத்தாள் இருக்கு' என்று மறித்துவைக்கிற கூட்டம் இது. இதை முன்பு எழுதியதற்கு ஒரு நிலையத்தார் நமக்குத் தந்த விளம்பரத்தை நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும். தாயின் வருத்தத்துக்கும் இவர்களா நேரசூசி போடுவது?

சரி, மகளுக்கு வருவோம். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? வயிற்றுப் புண்ணுக்குத் தலைமுடி கொட்டுமா? கீமோவில் சிவப்பு மருந்து ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். அதைக் கண்டுவிட்டால் அவள் யாரிடம் கேட்பாள்? வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கிற நாட்களில் தடிமன் பிடித்த பிள்ளையைத் தாய் கிட்ட அண்டவிடக் கூடாது. காரணம் தெரியாத பிள்ளை, அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தால் கையைத் தூக்குவதே பாடு. இரட்டைப் பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு அம்மா எழுந்து போகிறாள் என்றால், தான் செய்த குழப்படிக்குத்தான் இந்தத் தண்டனை என்று பிள்ளை மனதுக்குள் கணக்குப் போட்டுவிடும். சேர் படிப்பிக்காத கணக்கு அது.

'புற்றுநோய்' என்று பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். தொற்றாது, உன்னால் வந்ததுமில்லை, கீமோ நாளில் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர யார் வருவார் என்று சொல்லுங்கள். "இவளுக்கும் வருமோ" என்று அவள் முன்னாலேயே கேட்க ஒரு மாமி இருப்பார். பிறப்போடு வந்த மரபணுக் கோளாறால் வருவது நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் என்று அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் சேர் இருக்கிறார், சோதினை இருக்கிறது. மனைவி என்ன சொல்கிறார் என்பதைக் காணோம். அவரைக் கேளுங்கள். தானே சொல்கிறேன் என்பார் என்றால், மருந்து ஏற்றியதை அடுத்த நாட்களில் மட்டும் வேண்டாம். அப்போது அவருக்குத் தலை தூக்கவே ஏலாது.