மோட்டார் கேள்வி–பதில்: பீட்டிலுக்கு ரேலி வேஷம்

போன இதழில் ஏர்-கூல்ட் (தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே என்ஜின் குளிரும்) கார்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதப்போய், அதை ஒட்டியே நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

தாத்தா வாங்கிய 1965 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஷெட்டில் கிடக்கிறது. அந்தக் காலத்து சஃபாரி ரேலி கார் மாதிரி ஆக்க ஆசை. நாலு விளக்கு, ஸ்டிக்கர், பானெட்டுக்குத் தோல் வார் எல்லாம் வாங்கிவிட்டேன். எங்கே ஆரம்பிப்பது? – ஒரு வாசகர், கோவை

வாங்கியதையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுங்கள். அது கடைசி நாள் வேலை.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை ஒட்டி கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யா, உகாண்டா, டாங்கன்யிகா (இன்றைய டான்சானியாவின் பெரும்பகுதி) மூன்றையும் சுற்றி நடந்ததுதான் முதல் சஃபாரி ரேலி. விலையை வைத்து வகுப்பு பிரித்தார்கள், ஒட்டுமொத்த வெற்றியாளர் என்று யாரையும் அறிவிக்கவில்லை, ஆனால் குறைந்த அபராதப் புள்ளியோடு வந்து சேர்ந்தது ஆலன் டிக்ஸ் ஓட்டிய பீட்டில். அடுத்த வருடம் விக் பிரஸ்டனும் டி.பி. மார்வாஹாவும் பீட்டிலில் ஜெயித்தார்கள். 1957இல் கஸ் ஹாஃப்மன், 1962இல் டாமி ஃபியாஸ்டாட், அவையும் பீட்டில்தான். இந்தக் கார்கள் ஒன்றும் பட்டறையில் ரகசியமாகச் செய்த அதிசய வண்டிகள் இல்லை, ஷோரூமில் நின்ற காருக்கும் அவற்றுக்கும் பெரிய தூரம் கிடையாது. உங்கள் 1965 மாடலில் இருப்பது 1192 சிசி, 34 குதிரைத்திறன் என்ஜின், ஃபியாஸ்டாட் காலத்து 1200இல் இருந்ததும் அதே குடும்பம். கண்ணாடிகள்தான் உங்கள் வண்டியில் கொஞ்சம் பெரியவை. ஆக, காரை ஒழுங்காகப் பழையபடி ஆக்கினாலே முக்கால்வாசி ரேலி கார் ஆகிவிட்டது, மேலே சேர்க்க வேண்டியது கொஞ்சம்தான்.

சரி, ஆரம்பம் எங்கே? தரையில் படுத்துக்கொண்டுதான். கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் பெட்டி மாதிரியான தகடு இருக்கிறதே, என்ஜினிலிருந்து சூடான காற்றைக் கேபினுக்குக் கொண்டுவரும் ஹீட்டர் சேனல், பீட்டிலின் உயிர்நிலை அது. பாடிக்குப் பலம் கொடுப்பதும் அதுதான், முதலில் துருப்பிடிப்பதும் அதுதான். ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வரிசையாக அழுத்திக்கொண்டே போங்கள். நல்ல தகடு என்றால் கணீரென்று சத்தம் வரும், முனை நிற்கும். எப்போதோ யாரோ பட்டி போட்டு மூடிய இடத்தில் மெத்தென்று உள்ளே போய், நனைந்த பிஸ்கட் போலப் பழுப்பாக உதிரும். அப்புறம் பின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பேட்டரி அதற்கு அடியில்தான், ஆசிட் சிந்திச் சிந்தி அந்த மூலைத் தரையைத் தின்றிருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழி, முன் ஆக்சில் வந்து பூட்டும் சேசிஸ் தலை, இவையும் பார்க்க வேண்டியவை.

ஹீட்டர் சேனலை வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலின் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு செய்யச் சொல்லுங்கள். டிங்கரிங் செய்பவர் 'அதெல்லாம் வேண்டாம் சார், நான் பார்த்துக்கறேன்' என்பார். விடாதீர்கள். பாடி ஒரு விரல்கடை விரிந்துவிட்டால் அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சரியாகச் சாத்தாது.

வெயிலில் பத்து கிலோமீட்டர் போனாலே என்ஜின் கொதிக்கிறது. காற்று நன்றாகப் படட்டும் என்று மெக்கானிக் என்ஜினைச் சுற்றியிருந்த தகடுகளைக் கழற்றிவிட்டார். பின் மூடியையும் ரேலி கார் மாதிரி தூக்கி வைத்து ஓட்டுகிறேன். இன்னும் சூடு குறையவில்லையே? – மதுரை வாசகர்

குறையாது, கூடத்தான் செய்யும். தகடுகளை அந்த மனிதர் எடைக்குப் போட்டிருந்தால் ஓடிப்போய் மீட்டு வாருங்கள்.

ஏர்-கூல்ட் என்றதும் 'வெளிக்காற்று பட்டால் போதும்' என்று நினைத்துவிடுகிறோம். மோட்டார் பைக்குக்கு அது சரி. பீட்டில் என்ஜின் காரின் பின்னால் ஒரு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறது, எதிர்க்காற்றே அதற்குக் கிடையாது. டைனமோவின் மறுமுனையில் ஒரு ஃபேன், அதைச் சுற்றி ஒரு கூடு. ஃபேன் மேலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து நாலு சிலிண்டரின் செதில்களுக்கு (சூட்டை வெளிவிடும் மெல்லிய விளிம்புத் தகடுகள்) நடுவே அழுத்தித் தள்ளும், சூடான காற்று கீழே போய்விடும். அந்தத் தகடுகளும் ஓரத்து ரப்பர் பட்டைகளும்தான் மேலே குளிர், கீழே சூடு என்று பிரிக்கும் சுவர். சுவரை எடுத்துவிட்டால் சைலன்சர் பக்கத்துச் சூட்டையே ஃபேன் மறுபடி மறுபடி உறிஞ்சி என்ஜினுக்கு ஊட்டும். மூடியைத் தூக்கி வைப்பது புகைப்படத்துக்கு அழகு. நம் ஊர்ப் புழுதியில் அது செதில்களுக்கு நடுவே மண்ணை நிரப்பும், அவ்வளவுதான்.

மூன்றாவது சிலிண்டரைத் தனியாகக் கவனிக்கச் சொல்லுங்கள். பழைய என்ஜின்களில் ஆயில் கூலர் அந்தக் கூட்டுக்குள்ளேயே மூன்றாவதற்கு நேர் மேலே நிற்கிறது, அதனால் அதற்கு மட்டும் கொஞ்சம் குறைவான காற்று, அதுவும் ஏற்கெனவே சூடான காற்று. வால்வு எரிந்துபோனால் பெரும்பாலும் அங்கேதான். எழுபதுகளின் ஆரம்பத்தில் கம்பெனியே கூலரைக் கொஞ்சம் தள்ளி, தனி வழி கொடுத்து இதைச் சரிசெய்தது. டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பகுதிக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளி) என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது மட்டும் வையுங்கள். ஆயில் மொத்தமே இரண்டரை லிட்டர், காகித ஃபில்டர் கிடையாது, ஒரு கம்பி வலைதான். ஆகவே ஆயில் மாற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது.

ஃபேன் பெல்ட் அறுந்தால் டேஷில் சிவப்பு விளக்கு எரியும். மற்றக் கார்களில் 'சார்ஜ் ஏறவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்' என்று ஓட்டிவிடலாம். இதில் அந்த நிமிடமே ஓரங்கட்ட வேண்டும், ஏனென்றால் காற்றும் அந்தப் பெல்ட்டில்தான் ஓடுகிறது. பெல்ட்டின் இறுக்கத்தை மாற்ற டைனமோ புல்லியின் இரண்டு பாதிகளுக்கு நடுவே மெல்லிய வாஷர்கள் அடுக்கியிருப்பார்கள், ஒன்றை எடுத்தால் பெல்ட் இறுகும். எடுத்ததைத் தூக்கி எறியாமல் அதே நட்டுக்கு அடியில் வெளிப்பக்கம் மாட்டிவிடுவது வழக்கம், நடுக்காட்டில் புது பெல்ட் போடும்போது திரும்ப வேண்டியிருக்கும்.

சஃபாரி கார்களில் இருப்பது போல முன்னால் நாலு பெரிய விளக்கு போடலாமா? என்னுடையது 6 வோல்ட் வண்டி. – திருச்சி வாசகி

கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 வோல்ட் பீட்டிலின் டைனமோ தருவது சுமார் 180 வாட். ஹெட்லைட் இரண்டும் 45 வாட் என்றால் 90 போச்சு. நாலு கூடுதல் விளக்கு 55 வாட் வீதம் 220. இல்லாத கரண்டுக்கு எங்கே போவது? பேட்டரியிலிருந்துதான், அதுவும் கொஞ்ச நேரம்தான். தவிர 6 வோல்ட்டில் 220 வாட் என்றால் கிட்டத்தட்ட 37 ஆம்பியர், மெல்லிய ஒயர் போட்டால் ஒயரே ஹீட்டர் ஆகிவிடும்.

இரண்டு போதும். தடிமனான ஒயர், தனி ரிலே, தனி ஃபியூஸ். ஐம்பதுகளின் கார் என்றால் ஹாலஜன் பல்பே பொருந்தாது, அது 1962க்குப் பிறகு வந்த சமாச்சாரம். நாலுதான் வேண்டும் என்றால் 12 வோல்ட்டுக்கு மாறுங்கள், ஃபோக்ஸ்வேகனே பிற்பாடு மாறியதுதானே.

புதுப் பெயின்ட் அடித்தபின் செயற்கையாகக் கீறல், ஒடுக்கு, செம்மண் கறை எல்லாம் போட்டு 'ஓடிய கார்' போலக் காட்டித் தருகிறேன் என்கிறார் பெயின்டர். செய்யலாமா? – டொரொன்டோ வாசகர்

வேண்டாம். ஓட்டுங்கள், தானாக வரும்.

என்னிடம் இருப்பது 1303 மாடல் பீட்டில். இதில் சஃபாரி வேஷம் பொருந்துமா? வளைவில் பீட்டில் புரண்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்களே. – கொழும்பு வாசகர்

இரண்டாவது கேள்வியை முதலில் பார்ப்போம். பழைய பீட்டில்களில் பின்னால் ஸ்விங் ஆக்சில், அதாவது சக்கரம் ஆக்சிலோடு சேர்ந்தே மேலும் கீழும் ஊசலாடும். வேகமாக வளைக்கும்போது ஆக்சிலேட்டரைப் பட்டென்று விட்டால் பின்பக்கம் தூக்கும், வெளிச்சக்கரம் கீழே மடங்கி உள்பக்கம் சாயும், அதிலிருந்துதான் இந்தப் பயம் வந்தது. பயம் நியாயமானதுதான். அதைக் கட்டுப்படுத்தப் பின் ஆக்சிலுக்கு அடியில் குறுக்கே ஒரு ஸ்பிரிங் பட்டை மாட்டுவார்கள், சக்கரம் அளவுக்கு மேல் தொங்காமல் வார் கட்டுவதும் உண்டு. உங்கள் 1303இல் அந்த ஆக்சிலே இல்லை, முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் மூட்டு வைத்த ஆக்சில், ரொம்பச் சாது.

ஆனால் வளைந்த முன்கண்ணாடியோடு ஐம்பதுகளின் சஃபாரி வேஷம் போட்டால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். உங்களுக்குச் சொந்தமான கதையே வேறு இருக்கிறது. ஃபோக்ஸ்வேகனின் ஆஸ்திரிய இறக்குமதியாளரான போர்ஷே சால்ஸ்பர்க் எழுபதுகளின் ஆரம்பத்தில் 1302 எஸ், 1303 எஸ் கார்களைத் தயார்செய்து ஐரோப்பிய ரேலிகளுக்கு அனுப்பியது. டோனி ஃபால், கியுன்டர் யாங்கர் போன்றவர்கள் ஓட்டினார்கள். 1973உடன் அது முடிந்துபோனது. அவை சாதாரண என்ஜின்கள் இல்லை, இரட்டை கார்பரேட்டர் போட்டுப் பலம் கூட்டியவை. நீங்கள் தோற்றத்தை எடுத்துக்கொண்டு என்ஜினைச் சாந்தமாக வைத்துக்கொள்ளலாம், அடியில் ஒரு அலுமினியத் தகடும் நல்ல ஷாக் அப்சார்பர் நாலும் போட்டால் நுவரெலியா ஏற்றத்துக்கே சந்தோஷமாகப் போகும்.

போர்ஷே 911 இல்லாமல் ஏர்-கூல்ட் ரேலி காரா? – பெயர் போடாத வாசகர்

மான்டே கார்லோ ரேலியை 1968, 1969, 1970 மூன்று வருடமும் 911தான் வென்றது, மறுக்கவில்லை. ஆனால் அசல் சஃபாரி ரேலியில் அது வென்றதே இல்லை. 1972இல் போலந்தின் சசாடா இரண்டாமிடம், 1974இல் ஸ்வீடனின் வால்டெகார்ட் இரண்டாமிடம், 1978இல் விக் பிரஸ்டன் ஜூனியர் இரண்டாமிடம். 1954இல் பீட்டிலில் ஜெயித்தவரின் மகன்தான் இந்த ஜூனியர்! பழைய கார்களுக்கான சஃபாரியில் 2011இல் வால்டெகார்ட் 911இல் ஜெயித்து அந்தக் குறையைத் தீர்த்தார். பீட்டில் வைத்திருப்பவர்கள் தைரியமாக மீசையை முறுக்கலாம்.

ரேலி காராக மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் சிக்கல் வருமா? – சேலம் வாசகர்

வரலாம். 2021இல் வந்த விதிப்படி 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம், ஆனால் சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது, கண்காட்சி, விண்டேஜ் ரேலி மாதிரியான காரியங்களுக்குத்தான். ஆகவே ரேலி வேஷத்துக்காக எதையும் வெட்டாதீர்கள், எதையும் வெல்டு செய்து ஒட்டாதீர்கள், விளக்குத் தாங்கி, அடித்தகடு எல்லாம் போல்ட்டில் ஏறி போல்ட்டில் இறங்க வேண்டும்.

பாதுகாப்பில் மட்டும் 'அந்தக் காலத்தில் இல்லையே' என்று வாதாடாதீர்கள். சீட் பெல்ட் போடுங்கள். பெட்ரோல் டியூபை முழுக்க மாற்றுங்கள், பழைய துணி சுற்றிய ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலில் விரிசல் விட்டுப்போகும். பெட்ரோல் ஃபில்டரை என்ஜின் மேலே தொங்கவிட வேண்டாம், டாங்க் பக்கம் வையுங்கள். அந்த என்ஜினின் உடல் (கிராங்க்கேஸ்) மெக்னீசியம் கலந்தது, பிடித்துக்கொண்டால் தண்ணீரால் அணையாது. தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஹால்டா ட்ரிப்மீட்டர் (பழைய ரேலி கார்களில் தூரம் அளக்கும் கருவி) ஒன்று கிடைத்தது. பீட்டிலில் எப்படி மாட்டுவது? – பெங்களூரு வாசகர்

கொடுத்துவைத்தவர். பீட்டிலில் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதில்லை, முன்சக்கரம் ஒன்றின் அச்சுக்குள் புகுந்து, வெளியே தெரியும் சின்ன மூடியில் உள்ள சதுர ஓட்டையில் நுழைந்து, ஒரு கொட்டர் பின்னில் (துளையில் செருகி முனையை வளைத்துவிடும் கம்பி முள்) நிற்கிறது. அந்தக் கேபிளின் நடுவே ஒரு டி-பிரிவு போட்டு ஹால்டாவுக்குத் தனிக் கேபிள் இழுக்க வேண்டும். டயர் அளவுக்கு ஏற்ற பல்சக்கர ஜோடியை உள்ளே போட்டால்தான் கிலோமீட்டர் சரியாகக் காட்டும், ஆகவே எந்த டயர் என்று முடிவு செய்துவிட்டு அதைத் தேடுங்கள். கொட்டர் பின் நாலைந்து கூடுதலாக வாங்கிக் காரிலேயே போட்டு வையுங்கள், அது கீழே விழுந்தால் கிடைக்காது.